இரண்டு விளக்குக்கும் நடுவில் நின்றவருக்கு

சம்பந்தி,

நேற்று சாயந்தரம் உங்கள் மகன் என் உள்ளங்கையில் ஒரு சாமானை வைத்தார். கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். ஒயரின் நுனியில் கோத்து, போல்ட்டில் மாட்டி முறுக்குகிற வளையம். செம்பு என்று அவர் சொன்னதால் தெரிந்துகொண்டேன். பார்வைக்குப் பாசி பிடித்த கல் மாதிரி முழுக்கப் பச்சை. ஒரு பக்கம் எலி கடித்த ரொட்டி போல அரித்துப்போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். புளித்த வாடை. தீர்ந்துபோன ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தால் வருமே, அதே வாடை.

“இது என்னான்னு தெரியுதா அத்த?” என்று கேட்டார் ராசு.

“எனக்கென்ன தெரியும் மாப்பிள்ள? ஒங்கப்பா வேல மாதிரி இருக்கு” என்றேன். கெட்டுப்போன ஒயரை எங்கே கண்டாலும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வரும்.

“அப்பா வேல இல்ல அத்த. ஒங்க வேல.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து என் மகள் செல்வி எட்டிப் பார்த்துப் புருஷனை ஒரு முறை முறைத்தாள். அந்த முறைப்பில்தான் எனக்கு விளங்கியது, இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாத ஒன்று இருக்கிறதென்று. நான் லேசில் விடுகிற ஆளா? உட்காரவைத்து, முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

அதனால்தான் இந்தக் கடுதாசி. மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் வரும். நீங்கள் படித்துப் பிழை பிடிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நேரில் நீங்கள் இருந்த காலத்தில் உங்கள் முகத்தைப் பார்த்து நான் பேசியதும் இல்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரி, மாப்பிள்ளையின் அப்பாவை எதிர்த்துப் பேசக்கூடாது என்பார்கள். அதனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சட்டியிடமும் கோழியிடமும் சொன்னேன். தோட்டத்து வரிசை வீடு, லயத்துச் சுவர்தான் கூரை வரைக்கும் போவதில்லையே. அந்தப் பக்க அறையில், காம்பராவில் இருந்த உங்களுக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டிருக்கும்.

முதலில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் வேனை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. ராசு ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார். பட்டிப்பொல ஸ்டேசனில் இறங்குகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஹோட்டன் சமவெளிக்குப் போய் வருகிறார். அந்தப் பக்கத்துப் பனிமூட்டத்துக்குப் பழைய மஞ்சள் லைட்டு போதவில்லையாம். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த எல்.ஈ.டி. லைட்டை வாங்கி வந்தார். பால் மாதிரி வெள்ளை. மூட்டத்துக்குள் அதை அடித்தால் முன்னால் சுண்ணாம்புச் சுவர் எழுந்து நிற்கிறது. அதைச் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். சொன்னேன். அப்படித்தான் சொன்னார்கள்.

கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லி செல்வி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டாரா? வாசலிலேயே காரின் மூக்கைத் திறந்துபோட்டு, மூன்று நாள் ஒயர் இழுத்தார். பெட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவில் கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு போல்ட்டு. அப்படியே உங்கள் முறை. குனிந்து நிற்கிற முதுகு கூட உங்கள் முதுகுதான். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதம் நன்றாக எரிந்தது அந்த லைட்டு. பிறகு கண் சிமிட்ட ஆரம்பித்தது. நேற்றுக் கழற்றிப் பார்த்தபோது அகப்பட்டதுதான் அந்தப் பச்சை வளையம்.

இனி வேனுக்கு வருகிறேன்.

தேயிலை பெக்டரியில் முப்பது வருஷம் மோட்டார்களோடு மல்லுக்கட்டிவிட்டு நீங்கள் பென்சன் ஆனபோது, மகனுக்காக வாங்கிய வேன். நம் லயத்துக்கு முதல் முதலாக வந்த வண்டி. வந்த அன்று லயமே திரண்டு நின்று பார்த்தது. நானும் சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வண்டியை வண்டியாக விட்டீர்களா? லைட்டு மங்கல், அக்கரப்பத்தனை மூட்டத்துக்கு இது காணாது என்று நாலாம் நாளே பிரித்துவிட்டீர்கள்.

லயத்துக்குக் கரண்டு வராத காலம் அது. கரண்டு இல்லாத வீட்டில் கரண்டு வேலை பார்த்த மனுஷர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். ஈயம் பற்றவைக்கிற இரும்பைச் சூடாக்க என் அடுப்புத்தான் உங்களுக்குக் கிடைத்தது.

“சம்பந்தியம்மா, அந்தச் சோத்துப் பானைய கொஞ்சம் நகத்துங்களேன். இரும்பு காயணும்.”

“செல்வி, சோறு வேகணும்னு ஒங்க மாமனார்கிட்ட சொல்லு. இரும்பு காஞ்சா யாரு வயிறு நெறையும்னு கேளு.”

“அஞ்சே நிமிசம்னு அம்மாட்ட சொல்லு ஆயி.”

“ரெண்டு பேரும் இங்கதானே நிக்கிறீங்க! நான் என்ன தபாலா?” என்று கத்துவாள் செல்வி.

ஐந்து நிமிஷம் என்பது ஐந்து நாள் ஆனது. ஈயத்தோடு நீங்கள் தொட்டுத் தொட்டு வைத்த குங்கிலியப் புகை சோற்றில் ஏறி, கோயில் கர்ப்பக்கிரகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அதையும் தின்றுவிட்டு நீங்கள் நன்றாக இருக்கிறது என்றீர்கள்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். விளங்கப்படுத்துவீர்கள். படிக்காதவள்தானே என்று தள்ளிவைக்க மாட்டீர்கள். கறுப்புப் பெட்டியைக் காட்டி நான் என்னவென்று கேட்டபோது (கோழியிடம்தான் கேட்டேன்), நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“எல்லாக் கரண்டும் சுவிட்ச் வழியா போனா சுவிட்ச் வெந்துபோயிரும் சம்பந்தியம்மா. இப்ப சுவிட்ச் கங்காணி மாதிரி. சத்தம் மட்டும் போடும். பாரத்த தூக்குறது இந்த ரிலே.”

“அப்ப நாங்கள்லாம் ரிலேயாக்கும்?”

“பின்ன? முப்பது கிலோ கொழுந்த முதுகுல சொமந்துக்கிட்டு ரிலே இல்லேன்னா எப்படி?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிக்கொண்டேன். அப்போது அந்த முன்பக்கத்துப் போல்ட்டை முறுக்கிக்கொண்டே இன்னொன்றும் சொன்னீர்கள். “போனது திரும்பி வரணும். போறதுக்கு எவ்வளவு பெரிய ரோட்டு போட்டாலும், வாறதுக்கு ரோட்டு இல்லேன்னா லைட்டு எரியாது. இதுதான் வாற ரோட்டு. எர்த்து.” இரண்டு லைட்டின் கறுப்பு ஒயரும் அந்த ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்தன, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்.

அந்தப் போல்ட்டு நீளம். இரண்டு அங்குலம் வெளியே முள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. செல்வியின் சேலையைக் கிழித்தது. வெட்டிவிடுங்கள் என்று நான் மூன்று முறை சட்டியிடம் சொன்னேன். இரும்பறுக்கிற வாள் மழுங்கிப்போச்சு, அப்புறம் வெட்டுறேன் என்றீர்கள். வெட்டவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சம்பந்தி. என் பங்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் போல்ட்டை நீங்கள் வெட்டவில்லை.

அவ்வளவு கண் பட்ட வண்டி. கண்ணூறு கழிக்காமல் ஓட்டலாமா? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டினேன். நம் தோட்டத்து ரோட்டில் மனுஷர் பல்லே கழன்று விழும், பழம் நிற்குமா? தலவாக்கலை போய் வருவதற்குள் நூல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். போதாததற்கு நீங்கள் வேறு, “வேன் என்ன மாரியம்மன் கோயிலா? ஸ்டேண்டுல ஆளுக சிரிக்கிறானுக” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் மறைவாக வைக்க இடம் தேடினேன். குனிந்து பார்த்தால் உங்கள் போல்ட்டு. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல், கூராக நீட்டிக்கொண்டு. பழத்தை நறுக்கென்று குத்தினேன். அசையவில்லை. எந்தக் குழியில் விழுந்தாலும் பழம் பழமாக நின்றது. என் புத்தியை நினைத்து எனக்கே பெருமை. ஒவ்வொரு வெள்ளியும் வாடியதை எடுத்துப்போட்டுப் புதியதைக் குத்தினேன். ஏழெட்டு மாதம் இருக்கும். சாறு ஒழுகிய இடத்தை ஈரத்துணியால் துடைத்தும் வைத்தேன். சுத்தம் முக்கியமில்லையா?

பிறகு அந்த நாள் வந்தது.

காலையில் பேர் கொடுக்கிற பெரட்டு கலைந்து நாங்கள் மலைக்கு ஏறுகிற நேரம். தோட்டத்து ஆபீசுக்கு போன் வந்ததாக ஆள் ஓடி வந்தது. வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் பெரியக்கா செத்துப்போனாள். சாயந்தரம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். எங்கள் அம்மா போனபோது எனக்கு நாலு வயது. அக்காவுக்குப் பதின்மூன்று. கொழுந்துக் கூடையை முதுகிலும் என்னை இடுப்பிலும் வைத்துக்கொண்டு மலை ஏறினவள். வழுக்கி விழுந்தபோது என்னைக் கீழே விடாமல் தன் முன்பல்லை உடைத்துக்கொண்டவள். அந்த உடைந்த பல்லைச் சாகிற வரைக்கும் எனக்குக் காட்டிச் சிரிப்பாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள் மேல் போர்த்த, எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது நான் ஒருத்திதான்.

வாடகை ஓட்டம் போயிருந்த வேன் பதினொன்றரைக்கு வந்ததும், நீங்கள் உடனே அதைத் திருப்பச் சொன்னீர்கள். ராசு ஓட்ட, நீங்கள் முன்னால், நானும் செல்வியும் பின்னால். சேலை என் மடியில். நுவரெலியா தாண்டும்போது மழை. கந்தப்பளைக்கு ஏறும்போது மூட்டம் வந்து மூடியது. பகல் இரண்டு மணி, பக்கத்தில் இருக்கிற லீக்ஸ் மரக்கறித் தோட்டம் தெரியவில்லை. லைட்டைப் போட்டார் ராசு. எரிந்தது. பிறகு எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி சிவந்தது. நடுங்கியது. அணைந்தது.

அடுத்த வளைவில் மரக்கறி லொறி ஒன்று மூட்டத்துக்குள்ளிருந்து யானை மாதிரி வந்து, எங்கள் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனது. ராசு வண்டியை ஓரங்கட்டினார்.

“இனி ஒரு அடி எடுக்க மாட்டேன் அத்த. மன்னிச்சுக்கங்க. எல்லாரும் சாக வேண்டியதுதான்.”

நீங்கள் குறடும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினீர்கள். ரிலேயைக் கழற்றினீர்கள். பியூசைப் பார்த்தீர்கள். நீங்கள் பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பையும் இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள். ஒன்றரை மணி நேரம். நான் உள்ளே உட்கார்ந்து சும்மா இருந்தேனா?

“செல்வி, ஒங்க மாமனார்கிட்ட சொல்லு. பெக்டரியில மோட்டார் சுத்துறதுக்கு ஒரு தலை போதும், ரோட்டுல ஓடுற வண்டிக்கு வேற தலை வேணும்னு சொல்லு. என் சோத்துப் பானைய வெலக்கி வச்ச நேரத்துல, கராஜ் பாஸ்கிட்ட குடுத்திருந்தா ஒழுங்கா செஞ்சு குடுத்திருப்பான்னு சொல்லு. என் அக்கா அங்க எனக்காகப் படுத்திருக்கான்னு சொல்லு!”

செல்வி சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தாள். சொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஜன்னல் கண்ணாடி திறந்திருந்தது.

திடீரென்று இரண்டு லைட்டும் ஒன்றாக எரிந்தன. நீங்கள் அவற்றுக்கு முன்னால் நின்றீர்கள். மூட்டத்துக்குள் வேறு ஒன்றும் தெரியவில்லை, உங்கள் முகம் மட்டும்தான் தெரிந்தது. தலையிலிருந்து மழை ஒழுகிக்கொண்டிருந்தது. வெளிச்சம் தாங்காமல் கண்ணை இடுக்கிக்கொண்டு, வேனுக்குள் நான் இருக்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள். பிறகு திரும்பி, கறுத்த ஏதோ ஒன்றை ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் வீசினீர்கள். எரிந்துபோன ஒயர்த் துண்டு என்று நினைத்தேன்.

லீக்ஸ் தோட்டத்திலிருந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு சிங்கள ஆள் இறங்கி வந்து என்ன நடந்தது என்று கேட்டார். “மகே வெரத்த” என்றீர்கள். என் தப்பு. உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு எங்களிடமும் அதையேதான் சொன்னீர்கள்.

“என் வேலதான் பிழ. எர்த்த ஒழுங்கா முறுக்கல்ல.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் பண்ணக் காட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மருமகள் என்னைக் கட்டிக்கொண்டு, “நாலர வரைக்கும் பாத்தோம் சின்னம்மா. மழ விடல்ல, குழியில தண்ணி ஏறிருச்சு” என்றாள். ஈர மண்மேட்டைத்தான் பார்த்தேன். கோடிச் சேலை மடித்தபடியே என்னோடு திரும்பி வந்தது. இன்றைக்கும் பெட்டியில் இருக்கிறது. யாரும் கட்டவில்லை.

மறுநாள் காலையில் வேனுக்கு முன்னால் குனிந்து பார்த்தேன். என் பழம் இல்லை. அப்போது எனக்கு ஏறிய கோபம் இருக்கிறதே! பழத்தைப் பிடுங்கிப் போட்டது நீங்கள்தான், பழம் போனதால்தான் கண்ணூறு தாக்கி லைட்டு போனது, அதனால்தான் அக்கா முகம் எனக்கு இல்லாமல் போனது. இப்படி எனக்கு எல்லாம் அச்சாகப் பொருந்திவிட்டது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டே பீலியைத் தாண்டிப் போனீர்கள்.

மூன்றாம் நாள் ஒரு வேலை செய்தீர்கள். பெக்டரிக்குப் போய் இரும்புக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்துவந்து, பம்பரின் இடது ஓரத்தில் பூட்டினீர்கள். அந்தப் போல்ட்டையும் அன்றைக்குத்தான் ஒட்ட வெட்டினீர்கள்.

“சம்பந்தியம்மா, பழத்த இனிமே இதுல கட்டுங்க. ஒங்களுக்குன்னே செஞ்சது. எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும்.”

கேலி என்று நினைத்தேன். செத்த வீட்டுத் தீட்டுக் கழிவதற்குள் கேலி பண்ணுகிறாரே என்று உடம்பு எரிந்தது. கட்டினேன், கண்ணூறு கழிக்கவேண்டுமே என்று. ஆனால் உங்கள் மேல் வைத்த கோபத்தை எடுக்கவில்லை. ஒன்பது வருஷம் என் கையால் உங்களுக்குத் தேத்தண்ணி தரவில்லை. சுவர் மேல் வைத்துவிட்டுப் போவேன். நீங்களே எடுத்துக் குடிப்பீர்கள். குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைப்பீர்கள். அந்தக் கழுவி வைப்பது கூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

நீங்கள் போன நாளைப் பற்றி எழுதாமல் இருக்கப் பார்த்தேன். முடியாது.

தப்பு மேளம் அடித்து ஓய்ந்து, எடுக்கிற நேரம். வாய்க்கரிசி போட்டாயிற்று. “மொகம் பாக்குறவங்க வந்து பாத்துக்கங்க” என்று குரல் கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்து போனார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். செல்வி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

“அம்மா, கடைசியா ஒரு தடவம்மா. ஊரு பாக்குது.”

“பாக்கட்டும். என் அக்கா மொகத்த இவரு பாக்கவிட்டாரா? இவரு மொகத்த நான் பாக்க மாட்டேன்.”

மெதுவாகச் சொல்லவில்லை. மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் நின்ற ராசு திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கோபம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அது கோபம் இல்லையாம். வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டு நின்றாராம். நேற்றுத்தான் சொன்னார், இந்தக் காரின் போல்ட்டிலும் நான் பழம் குத்திவைத்திருந்ததைக் கண்ட பிறகு.

“கொக்கி இல்லாத கார் இது. நீங்க பழத்த எங்க கட்டுவீங்கன்னு நான் யோசிச்சிருக்கணும் அத்த. என் மேலயும் பிழ இருக்கு. நானும் போல்ட்ட நீட்டமாத்தான் விட்டிருந்தேன்.”

“புளி போட்டு வெளக்குனா செம்பு பளிச்சுன்னு இல்ல ஆகும்?” என்று கேட்டேன். அப்போதும் நான் விடவில்லை.

“தேச்சுக் கழுவுனா பளிச்சுன்னு ஆகும். குத்தி வச்சு மாசக்கணக்கா ஊறவிட்டா அரிச்சுத் தின்னுரும். பச்ச ஏறிருச்சுன்னா கரண்டு போகாது. லைட்டு நடுங்கும். அப்பறம் போயிரும்.”

“அப்ப அன்னைக்கு கந்தப்பளையில…”

செல்வி, “ஏங்க, போதும்” என்றாள். ராசு என்னைப் பார்க்காமல் காரின் மூக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மழையில் நின்று எல்லா இணைப்பையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் நீங்கள் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கையை விட்டீர்களாம். உங்கள் வேலையில்தான் பிழை இருக்கும் என்று முதலில் உங்களையே சோதித்ததால்தான் அவ்வளவு நேரமாம். கையில் அழுகிய பழம் வந்ததாம். கானுக்குள் வீசினது அதைத்தானாம். அன்றைக்குத் திரும்பி வந்ததும் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, உயிர் போனாலும் சொல்லக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்களாம்.

“நான் கேட்டேன் அத்த. ஏம்ப்பா ஒங்க மேல பழிய போட்டுக்கிறீங்கன்னு. ‘அவங்க கோவத்த நான் தாங்கிக்கிருவேன்டா. அவங்க மேல அவங்களே கோவப்பட்டா, அத யாரு தாங்குறது’ன்னு சொன்னாரு.”

யாரைக் கேட்டுச் செய்தீர்கள், சம்பந்தி?

உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? என் பழி அது. என் கை குத்திய பழம். என் அக்கா. ‘சம்பந்தியம்மா, ஒங்க பழந்தான்.’ இவ்வளவுதானே சொல்ல வேண்டியிருந்தது? நான் நம்பியிருக்க மாட்டேன்தான். உங்கள் ஏழு தலைமுறையையும் சட்டியிடம் இழுத்திருப்பேன்தான். ஆனால் ஒரு நாள் இல்லை ஒரு நாள் பச்சை ஏறிய செம்பைக் காட்டியிருந்தால், பார்த்திருப்பேன். ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, எழுந்து வந்து உங்கள் கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்திருப்பேன். அதையும் எனக்குத் தரவில்லை நீங்கள். பெரிய மனுஷத்தனம் பண்ணுகிறேன் என்று ஒன்பது வருஷம் என்னைச் சுவர் மேல் கோப்பை வைக்க விட்டீர்கள். பிணமாகப் படுத்திருந்த உங்கள் முன்னால் என்னை அப்படி ஒரு பேச்சுப் பேச விட்டீர்கள். பாரத்தைத் தூக்குவது ரிலே என்று சொன்ன மனுஷர், என்னிடம் கேட்காமல் என் பாரத்தையும் சேர்த்துத் தூக்கினது என்ன நியாயம்?

கொக்கியையும் யோசித்துப் பார்த்தேன். ‘எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும்’ என்று ஸ்டேண்டில் ஆட்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒன்பது வருஷம் அந்தப் பழத்தோடு வேனில் போய் வந்தீர்கள். அதில் கேலி எங்கே இருந்தது? எனக்குத்தான் தெரியவில்லை.

இன்று காலையில் ராசு தன் ஆயுத டப்பாவைக் கிளறி அந்தக் கொக்கியை எடுத்தார். வேனை விற்ற அன்றே கழற்றி வைத்திருக்கிறார். காரின் முன்னால், இடது ஓரத்தில், பூட்டினார். எல்.ஈ.டி. லைட்டைப் போட்டுக் காட்டினார். நடுங்கவில்லை. வெள்ளிக்கிழமை பழம் அதில்தான் ஏறும். பச்சை வளையத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கோடிச் சேலையின் மடிப்புக்குள் வைத்திருக்கிறேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பழையதை இறக்கிவைத்த இடத்திலேயே புதியதை ஏற்றி வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைப்பேன்? உங்கள் மேல் வைத்துப் பழகிவிட்டது.

என் அக்காவின் கடைசி முகம் எனக்கு இல்லை. உங்கள் கடைசி முகமும் இல்லை. இரண்டையும் என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். ஆனால் இன்று வாசலில் அந்த லைட்டு எரிந்ததும் எனக்குக் கந்தப்பளை ரோட்டுத்தான் தெரிந்தது. மழை ஒழுகுகிற தலை, இடுக்கிய கண், முதுகுக்குப் பின்னால் மறைத்த கை. கண் கூசிக்கொண்டு நின்ற உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. நான் சபித்துக்கொண்டேதான் பார்த்தேன். ஆனாலும் நன்றாகப் பார்த்தேன், சம்பந்தி. ஒரு மயிரிழை மறக்கவில்லை.